குக்கருக்குக் கார்டு கிடையாது

பல் டாக்டருக்கு வாரம் முழுக்க ஒரே வேலைதான். வருகிறவர்களை வாயைத் திறக்கச் சொல்வது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதே ஆட்களை வாயை மூடச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கால்பந்து ரெஃபரி.

இதை அவர் தேடிப் போகவில்லை. பஸ் டிப்போ, அச்சகம், பேக்கரி, சலவைக்கூடம் என்று ஆளுக்கொரு டீம் வைத்துக்கொண்டு தொழிலாளர்கள் நடத்துகிற லீக் அது. முதலுதவிப் பெட்டியோடு ஓரமாக உட்கார ஒரு டாக்டர் வேண்டும் என்றார்கள், வந்து உட்கார்ந்தார். ஒருநாள் ரெஃபரிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கட்டுப்போட்டு முடித்து நிமிர்ந்தபோது விசில் டாக்டரின் கையில் இருந்தது. அன்று ஊதியவர்தான், அதற்குப் பிறகு விடவே இல்லை. பரீட்சை எழுதினார், பாஸ் செய்தார், கணவர் தையல்காரர் என்பதால் அளவெடுத்து ஒரு கறுப்புச் சட்டையும் தைத்துப் போட்டுக்கொண்டார்.

ஓடுவதோ விதிகளோ அவருக்குக் கஷ்டமாக இல்லை. பேச்சுதான் கஷ்டம். கிளினிக்கில் யாரும் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. வாயில் கண்ணாடியும் குழாயும் இருக்கும்போது எப்படிப் பேசுவது? மைதானத்தில் இருபத்திரண்டு வாய், இருபத்திரண்டும் காலி. முதல் சீசனில் எதற்கெடுத்தாலும் மஞ்சள் கார்டை நீட்டிக் கை வலித்ததுதான் மிச்சம். பிறகு அவரே ஒரு கணக்குக்கு வந்தார். ஆட்டக்காரன் ஓடிக்கொண்டே தனக்குள் முனகினால் அது வயிற்றெரிச்சல், காற்றோடு போகட்டும். நின்று எனக்குச் சொன்னால் ஒரு பார்வை, அதற்கும் அடங்காவிட்டால் கேப்டனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை. கையை விரித்து, ஓரத்தில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னால் கார்டு. இந்தக் கணக்கு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது, ரேடியோ ஒருவனைத் தவிர.

ரேடியோ பஸ் கண்டக்டர். டிப்போ டீமின் முன்வரிசை ஆட்டக்காரன். காலையில் முதல் பஸ்ஸில் ஆரம்பிக்கிற வாய் ராத்திரி டிப்போவில் பஸ்ஸைக் கழுவும்போதுதான் ஓயும் என்பதால் அந்தப் பெயர். அவன் கெட்ட வார்த்தை பேச மாட்டான். அதுதான் தொல்லை. கெட்ட வார்த்தை என்றால் சிவப்புக் கார்டைக் காட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அவன் சொல்வதற்கு எதிர் டீம்காரனும் சிரிப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிப்போவுக்கும் அச்சகத்துக்கும் ஆட்டம். டாக்டருக்கு அது சாதாரண ஆட்டம் இல்லை. மேல் டிவிஷனுக்கு ரெஃபரி எடுப்பதற்காக லீக்கிலிருந்து ஒருவர் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வெயிலானாலும் மழையானாலும் கறுப்புக் குடையின் கீழேதான் அவர் உட்காருவார். குடைக்காரர் வருகிறார் என்றால் லீக்கில் எல்லா ரெஃபரியும் விசிலை இரண்டு தடவை துடைத்துக்கொள்வார்கள். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

காலையில் டாக்டர் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது கிளினிக் மணி விடாமல் அடித்தது. கதவைத் திறந்தால் ரேடியோ. வலது கன்னம் வீங்கி ஒரு கண்ணையே மறைத்திருந்தது.

"டாக்டர், இன்னிக்கு எங்க மேட்சுக்கு ரெஃபரி நீங்கதானே?"

"ஆமா. உக்காருங்க."

"ஞாயித்துக்கிழமை வேற எந்தப் பல் டாக்டரும் இல்லையாம். ரெண்டு தெரு சுத்திட்டுத்தான் வரேன்."

"தெரியுது. சாஞ்சு உக்காருங்க."

"பேக்கரி மேட்சுல நான் ஏதோ சொன்னேன்னு நீங்க மனசுல..."

"'டாக்டரம்மாவுக்கு தூரத்துல இருக்கறதும் தெரியல, கிட்ட இருக்கறதும் தெரியல, நடுவுல மட்டும் ஏதோ தெரியுது, அதான் நடுவர்'னு சொன்னீங்க. மஞ்சள் குடுத்தேன். அதோட முடிஞ்சு போச்சு. வாயைத் திறங்க."

ரேடியோ ஊசியைப் பார்த்தான். "கொஞ்சம் பெருசா இருக்கே."

"எல்லாருக்கும் அதே ஊசிதான். உங்களுக்குன்னு தனியா வாங்கி வைக்கல."

கீழ்த்தாடை மரத்ததும் டாக்டர் பல்லைத் திறந்து சீழை வடித்தார். வாய்க்குள் கண்ணாடி, குழாய், பஞ்சு, டாக்டரின் இரண்டு விரல் எல்லாம் இருந்தும் ரேடியோவால் பேசாமல் இருக்க முடியவில்லை. தொண்டையிலிருந்து "ஆஞ்ஞு ஆழ்ழாமா" என்று ஒரு சத்தம் வந்தது.

"ஆடலாம்" என்றார் டாக்டர், பல்லை விட்டுக் கண்ணை எடுக்காமல். "மருந்து வெச்சு அடைச்சிருக்கேன். பல்லை எடுக்கறதா வேணாமான்னு அப்புறம் பாக்கலாம். ஆனா ஒண்ணு, மத்தியானம் வரைக்கும் உதடும் நாக்கும் மரத்துத்தான் கிடக்கும். பேசாதீங்க. நாக்கைக் கடிச்சுக்கிட்டா உங்களுக்கே தெரியாது."

கன்னத்தில் ஒரு பெரிய பஞ்சுருண்டையை அடக்கி அனுப்பிவைத்தார். அவன் போன பிறகுதான், பேசாதீங்க என்று யாரிடம் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. தனியாக நின்று சிரித்துவிட்டு மறுபடி பூட்ஸை எடுத்தார்.

மைதானத்தில் நல்ல கூட்டம். ஒரு பக்கக் கோட்டை ஒட்டி இரண்டு டீமின் வீட்டு ஆட்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோவின் மனைவி இருந்தாள். டிப்போ கேப்டன் மெக்கானிக்கின் மனைவியும் அவளுடைய அம்மாவும் இருந்தார்கள். எதிர்ப் பக்கத்தில் தனியாக ஒரு கறுப்புக் குடை. அதற்குக் கொஞ்சம் தள்ளி, காப்பி பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு டாக்டரின் வீட்டுக்காரர்.

ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே அச்சகம் ஒரு கோல் போட்டுவிட்டது. பதிலுக்கு ரேடியோ நீளமாக வந்த ஒரு பாஸுக்கு முன்னே பாய்ந்தான். ஆஃப்சைடு, பாஸ் வந்த நேரத்தில் அவனுக்கும் கோல்கீப்பருக்கும் நடுவே தடுப்பாட்டக்காரன் ஒரு ஆள்கூட இல்லை. டாக்டர் விசில் அடித்தார். ரேடியோ இடுப்பில் கை வைத்து நின்று, கூட்டத்தைப் பார்த்து, வழக்கம்போல வாயைத் திறந்தான்.

"ஒழு ஆழையெல்லாங் இழங்ங கழக்குல ழேத்துக்க ழாட்டாங்க, முப்ழத்திரெங்ழு இருந்ழாத்தாங் கங்ஙுக்குத் ழெரியுங்."

கூட்டம் விழித்தது. மெக்கானிக் ஓடிவந்து, "என்னடா சொல்ற, ஒரு எழவும் புரியல" என்றான்.

டாக்டருக்குப் புரிந்தது. பல வருஷமாகப் பஞ்சு அடைத்த வாயோடுதான் ஊர் அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறது. 'ஒரு ஆளையெல்லாம் இவங்க கணக்குல சேர்த்துக்க மாட்டாங்க, முப்பத்திரண்டு இருந்தாத்தான் கண்ணுக்குத் தெரியும்.' உதட்டைக் கடித்துக்கொண்டார். முகம் கல் மாதிரி இருந்தது. ரேடியோ அந்த முகத்தை உற்றுப் பார்த்தான். கார்டு வரவில்லை. பார்வைகூட வரவில்லை. அவன் வீங்கின கன்னத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. யாருக்கும் புரியவில்லை, அப்படியென்றால் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

அதற்குப் பிறகு அவன் பந்துக்காக ஆடியதைவிட டாக்டர் பக்கத்தில் வருவதற்காக ஆடியதே அதிகம். ஓடும்போது கூடவே ஓடினான். 'இவங்க ஓடறதைப் பார்த்தா பஸ்ஸை விட்டுட்டுப் பின்னாடி வர்ற ஆள் மாதிரியே இருக்கு. என் பஸ்ஸா இருந்தா டபுள் விசில் குடுத்துப் போயிட்டே இருப்பேன்' என்றான், எல்லா எழுத்தையும் கூழாக்கி. டாக்டர் தனக்குள் வேகமாகச் சட்டம் புரட்டினார். இவன் தனக்குள் முனகவில்லை. ஊருக்கே கேட்கிற மாதிரிதான் சொல்கிறான். ஆனால் ஊருக்குப் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிகிறது. அப்படியானால் எனக்குச் சொன்னதா, ஊருக்குச் சொன்னதா? இதற்கு எந்தப் பரீட்சையிலும் கேள்வி வந்ததில்லை.

பாதி ஆட்டம் முடிய இருந்த நேரத்தில் டாக்டர் ஒரு ஃபவுலுக்கு விசில் அடிக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அவருக்கே அது தெரியும். ரேடியோ நிதானமாகப் பக்கத்தில் வந்து நின்றான்.

"எங்ங ழீட்டு குக்கருந்தாங் ழிழில் அழிக்குழு" என்றான். கொஞ்சம் நிறுத்தினான். "அழு ழரியான ழேரத்துல அழிக்குழு."

எங்க வீட்டு குக்கரும்தான் விசில் அடிக்குது. அது சரியான நேரத்துல அடிக்குது.

டாக்டரால் அடக்க முடியவில்லை. விசிலை வாயில் வைத்திருந்தார். சிரிப்பு விசில் வழியாக வந்தது. 'பீ... பீ... பீப்பீ' என்று ஒரு சத்தம், நிஜமாகவே ஏதோ அடுப்பில் வேகிற மாதிரி. அச்சகத்துக்காரர்கள் பந்தை விட்டுவிட்டு நின்றார்கள். எதற்கு விசில் என்று யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமுவது போல் பாவனை செய்தார், கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்தப் பக்கம் குடை ஒரு பக்கமாகச் சாய்ந்து, அதன் கீழிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. 'மேல் டிவிஷன் இன்னிக்கு இதோட சரி' என்று நினைத்தார். நினைத்ததும் சிரிப்பு இன்னும் அதிகமானது. நல்லவேளை, பாதி ஆட்டத்துக்கு நேரமாகியிருந்தது. இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து ஒரு விசில் அடித்துவிட்டுத் தண்ணீர்க் குழாயை நோக்கி ஓடினார்.

முகம் கழுவும்போது வீட்டுக்காரர் துண்டை நீட்டினார். "என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் இல்ல. புரையேறிடுச்சு."

"விசிலுக்கா?"

டாக்டர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டிப்போ ஆட்கள் மரத்தடியில் ஆரஞ்சு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரேடியோ கையாலும் காலாலும் நடித்துக் காட்டியதை மெக்கானிக் கஷ்டப்பட்டுப் புரிந்துகொண்டான். "அதாவது, நீ இவ்வளவு நேரமா அந்தம்மாவை வாரு வாருன்னு வாரிக்கிட்டு இருக்க. ஒரு கார்டும் வரல. அதானே?" ரேடியோ வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினான். ஒரு கணம் டீம் மொத்தமும் யோசித்தது. பிறகு ஒவ்வொருத்தனாகக் கையிலிருந்த ஆரஞ்சுத் தோலைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டான்.

இரண்டாம் பாதிக்கு டாக்டர் திரும்பி வந்தபோது எதிரே பதினோரு வீங்கின கன்னம் நின்றது. முதலில் ஏதோ தொற்று என்று பயந்துபோனார். ஓரத்தில் ஆரஞ்சு நிறம் எட்டிப்பார்த்ததும் விஷயம் விளங்கியது. முடிவுக்கு வந்தார், இன்றைக்குச் சிரிக்காமல் வீடு போய்ச் சேர்ந்தால் அதுவே பெரிய விஷயம்.

டிப்போவின் ஸ்டோர்கீப்பர் என்று ஒருவர், இடதுபக்கத் தடுப்பாட்டக்காரர். ஸ்பேர் பார்ட்ஸ் அறையில் பகலெல்லாம் தனியாக உட்கார்ந்திருக்கிற, யாரையும் அதிர்ந்து பேசாத மனுஷன். இன்று ஆரஞ்சுத் தோல் கொடுத்த தைரியத்தில் டாக்டரின் பக்கத்தில் வந்து, கண்ணை உருட்டி, முஷ்டியை மடக்கி, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒருவரைத் திட்டினார். 'டாக்டர், உங்க தீர்ப்பு கொஞ்சம் சரியில்லையோன்னு எனக்கு ஒரு சந்தேகம். தப்பா நினைச்சுக்காதீங்க.' திட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் தன் இடத்துக்கு ஓடினார்.

இன்னொருவன் ரெஃபரியைத் திட்ட ஆரம்பித்துவிட்டுப் பாதியில் டிப்போ மேனேஜரைத் திட்டப் போய்விட்டான். அங்கே இன்னும் சுகமாக இருந்திருக்க வேண்டும், திரும்பி வரவே இல்லை. யாருக்கும் புரியாது என்றதும் ஆளுக்காள் மனதில் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. மெக்கானிக் பந்தைத் துரத்திக்கொண்டே, 'கடவுளே, இன்னிக்கு மேட்ச் முடியவே கூடாது, சாயந்திரம் மாமியார் வீட்டுல போய் நாற்காலி நுனியில உக்காரணும்' என்று வேண்டிக்கொண்டு ஓடினான். மாமியார் ஓரத்தில் உட்கார்ந்து மாப்பிள்ளையின் ஓட்டத்தைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கோல்கீப்பர், மரம் மாதிரி உயர்ந்த பெரிய ஆள், டிப்போவில் டயர் மாட்டுகிறவர், கம்பத்தில் சாய்ந்துகொண்டு தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். 'எனக்கு இந்த கோல் வேலையே பிடிக்கல. எவனோ உயரமா இருக்கன்னு நிக்க வெச்சான். எனக்குப் பாட்டு கத்துக்கணும்னுதான் ஆசை. இந்த வயசுல யார்கிட்ட போய்ச் சொல்றது.'

அச்சகத்து ஆட்கள் பார்த்தார்கள். இது அவர்களுக்கு மட்டும் என்ன, கைக்கு எட்டாததா? அவர்களுடைய பையிலும் ஆரஞ்சு இருந்தது. ஒரு த்ரோ-இன் நேரத்தில் அவர்களும் அடைத்துக்கொண்டார்கள். மைதானம் முழுக்க மாட்டுக்கொட்டகை மாதிரி ஒரு முனகல். நடுவில் டாக்டர், எல்லாக் காதுகளும் திறந்து, உதட்டைக் கடித்துக் கடித்து உதடே காய்த்துப்போய், ஓடிக்கொண்டிருந்தார். யாரைப் பார்த்தாலும் சிரிப்பு முட்டியது. பந்தை மட்டுமே பார்ப்பது என்று வைராக்கியமாக இருந்தார். பாவம், அதற்கு வாய் இல்லை.

அப்போதுதான் அது நடந்தது. ரேடியோ அச்சகத்து எல்லைக்குள் பந்தோடு புகுந்தான். அவர்களுடைய கேப்டன் பைண்டர் காலை நீட்டிப் பந்தைச் சுத்தமாகத் தட்டிவிட்டான். ரேடியோ உருண்டு விழுந்தான். பெனால்டி வேண்டுமென்று டிப்போ மொத்தமும் கையைத் தூக்கியது. டாக்டர் தலையை ஆட்டி, ஆட்டம் தொடரட்டும் என்று கையைக் காட்டினார்.

ரேடியோ எழுந்தான். முகத்தில் விளையாட்டு இல்லை. டாக்டரைப் பார்த்துச் சொன்னான். இந்த முறை நிறுத்தி, வசனம் சேர்த்துச் சொல்லவில்லை. சும்மா எரிச்சலில் துப்பினான்.

'பொம்பளை கையில விசிலைக் குடுத்தா இப்படித்தான்.'

டாக்டருக்குள் காலையிலிருந்து குமிழியிட்டுக்கொண்டிருந்தது நின்றுபோனது. இது எரிச்சல் என்று அவருக்குத் தெரியும். வலியும் இருக்கலாம், மருந்து இறங்குகிற நேரம். இருந்தாலும் இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. இதைச் சொல்ல ரேடியோ தேவையும் இல்லை, யார் வேண்டுமானாலும் சொல்லலாம், எல்லாரும் சொல்லியும் இருக்கிறார்கள். விசில் அடித்தார். இந்த விசில் சரியான நேரத்தில், ஒரே நீளமாக வந்தது.

"நீங்க இங்க வாங்க. மத்தவங்க எல்லாம் அங்கேயே நில்லுங்க."

ரேடியோவை நடுவட்டத்துக்குத் தனியாக அழைத்துப்போனார். அவன் தைரியமாகத்தான் வந்தான்.

"இப்போ என்ன சொன்னீங்க?"

ரேடியோ தோளைக் குலுக்கினான். கன்னத்தைத் தொட்டுக் காட்டி, 'ழங்ஙிப்பா ஒங்ஙுங் ழொல்லல' என்றான்.

"'கண்டிப்பா ஒண்ணும் சொல்லல'யா? நான் சொல்றேன். 'பொம்பளை கையில விசிலைக் குடுத்தா இப்படித்தான்'னு சொன்னீங்க."

ரேடியோவின் திறந்த கண் பெரிதானது. மூடியிருந்த கண்கூடக் கொஞ்சம் திறந்தது.

"காலையில நாற்காலியில சாஞ்சுக்கிட்டு ஆடலாமான்னு கேட்டீங்க. பதில் சொன்னேனா இல்லையா? வாயில அவ்வளவு சாமான் இருந்துச்சு அப்போ."

அவன் முகத்தில் ஒவ்வொன்றாக நினைவு வருவது தெரிந்தது. முப்பத்திரண்டு. டபுள் விசில். கடைசியில் மெதுவாகக் கேட்டான், "குக்கரு...?"

"அதுவும்தான். எதுக்கு சிரிச்சேன்னு நினைச்சீங்க?"

"ழிரிச்சீங்கழா? இழுமினீங்கழே?"

"சிரிச்சேன். நல்லா இருந்துச்சு. நான் லேட்டா அடிச்சேன், நீங்க சொன்னீங்க, நியாயம். குக்கருக்குக் கார்டு கிடையாது. ஆனா இது வேற. உங்களுக்கே தெரியும் இது வேறன்னு."

ரேடியோ தரையைப் பார்த்தான். பக்கக் கோட்டில் அவன் மனைவி எழுந்து நின்று என்னவென்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் டிப்போவில் டிரைவர் வேலைக்கு எழுதிப்போட்டிருந்தாள் என்பதும், அங்கே இதே வார்த்தையை வேறு விதமாகச் சொல்லி நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்பதும், அதற்காக ரேடியோ மேனேஜரிடமே போய்ச் சண்டை போட்டவன் என்பதும் டாக்டருக்குத் தெரியாது. ரேடியோவுக்குத் தெரியும். அவன் நெஞ்சில் கை வைத்து, மரத்த நாக்கை முடிந்தவரை நேராக்கி, "தப்பு டாக்டர்" என்றான். 'ப்' மட்டும் வரவில்லை. மற்றபடி தெளிவாக இருந்தது.

டாக்டர் மஞ்சள் கார்டை உயர்த்தினார்.

உடனே இரண்டு கேப்டனும் பாய்ந்து வந்தார்கள். பைண்டர் ஆரஞ்சை ஒதுக்கிக்கொண்டு, மஞ்சள் போதாது என்றான். மெக்கானிக், மஞ்சளே எதற்கு என்றான். பின்னால் ஆளாளுக்கு வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"அவன் என்ன பேசினான்னு யாருக்குமே புரியல. என்னன்னு சொல்லிட்டுக் குடுங்க கார்டை" என்றான் மெக்கானிக், தோலைத் துப்பிவிட்டு.

"சொல்லணுமா?"

"சொல்லித்தான் ஆகணும்."

"சரி, சொல்றேன். ஆனா அவர் சொன்னதை மட்டும் சொன்னா அது ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு. இந்தப் பாதியில ஒவ்வொருத்தரும் சொன்னதை எல்லாம் சொல்லிடறேன். இங்க வேணாம், கோட்டுப் பக்கமா போயிடலாம். வீட்டு ஆளுங்களும் கேட்கட்டும்." டாக்டர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "உங்கள்ல இருந்தே ஆரம்பிக்கலாமா? இன்னிக்கு சாயந்திரம், நாற்காலி நுனி..."

மெக்கானிக்கின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப் பூட்ஸுக்குப் போய்விட்டது. மாமியார் அங்கிருந்து அன்பாகக் கையசைத்தார்.

"வேணாம் டாக்டர்" என்றான்.

செய்தி கூட்டத்துக்குள் பரவ இரண்டு மூச்சுகூட ஆகவில்லை. அந்தம்மாவுக்குப் புரிகிறது. எல்லாம் புரிகிறது. ஆரம்பத்திலிருந்தே புரிகிறது. அச்சகத்துப் பையன்களில் ஒருவன் உட்கார்ந்தேவிட்டான். ஸ்டோர்கீப்பர் டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார். முதலில் ஒரு ஆரஞ்சுத் தோல் தரையில் விழுந்தது, பிறகு பொலபொலவென்று.

"எல்லாத்தையும் பொறுக்கி ஓரமா போடுங்க" என்றார் டாக்டர். "மிச்ச நேரத்துக்கு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை காதுல விழுந்தா, கார்டு தர மாட்டேன். கோட்டுப் பக்கம் போய்ப் பேச ஆரம்பிச்சிடுவேன்."

அப்படி ஒரு ஆட்டத்தை அந்த மைதானம் பார்த்ததில்லை. பூட்ஸ் சத்தம், பந்துச் சத்தம், மூச்சுச் சத்தம், அவ்வளவுதான். பாஸ் கேட்கிறவன் கையை ஆட்டினான். அடிபட்டவன் 'ஆ' என்று வாயைப் பிளந்து சத்தம் வராமல் உருண்டான், அடித்தவன் பதறிப்போய் அவன் வாயைப் பொத்தினான். ஓரத்தில் இருந்தவர்களும் காரணம் தெரியாமலே குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். எவனோ ஒருத்தன் மூக்கால் சிரித்துவிட்டான். அது அடுத்தவனுக்குத் தொற்றியது. பத்து நிமிஷத்தில் இருபத்திரண்டு பேரும் தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழிய, வாயை இறுக்கிக்கொண்டு பந்து ஆடினார்கள்.

கடைசி நேரத்தில் ரேடியோ வலதுபக்கமிருந்து பந்தைத் தூக்கிப் போட்டான். எங்கிருந்தோ ஸ்டோர்கீப்பர் வந்தார். எந்தக் காலால் அடித்தார் என்று அவருக்கே தெரியாது. வலை குலுங்கியது. டிப்போ மொத்தமும் வாயை ஆவென்று திறந்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, மைதானத்தைச் சுற்றி ஓடியது. ஸ்டோர்கீப்பர் மட்டும் ஓடவில்லை. கோலுக்கு முன்னால் நின்று, யாராவது 'கோல்' என்று சொன்னால்தான் நம்புவேன் என்கிற மாதிரி ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார். ரேடியோ அவரை அலாக்காகத் தூக்கினான். வெடித்துவிடுவான் போல இருந்தது. சொல்ல எவ்வளவோ இருந்தது அவனிடம்.

ஒன்றுக்கு ஒன்று. டாக்டர் முடிவு விசில் அடித்தார். அடித்த மாத்திரத்தில், அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக உடைந்து இரண்டு டீமும் அப்படி ஒரு கூச்சல் போட்டது, மரத்திலிருந்த பறவையெல்லாம் கிளம்பிப் போய்விட்டது.

கை குலுக்க வந்த வரிசையில் ரேடியோவின் மனைவி முன்னால் வந்து நின்றாள். "டாக்டர், இவர் என்ன சொன்னாரு? கேட்டா வாய் வலிக்குதுங்கறாரு."

"அவர் என் பேஷண்ட்டும்மா. பேஷண்ட் சொன்னதை வெளிய சொல்லக்கூடாது. அவரையே கேளுங்க, மருந்து இறங்கினதும் சொல்லுவாரு. சொல்லணும்." ரேடியோ பின்னால் நின்று, சொல்கிறேன் என்று தலையாட்டினான்.

கோல்கீப்பர் எல்லாரும் போகிற வரை காத்திருந்தார். "டாக்டர்... நான் கம்பத்துல சாஞ்சுக்கிட்டு ஏதோ..."

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மாடியில சாயந்திரத்துல பெரியவங்களுக்குப் பாட்டு க்ளாஸ் எடுக்கறாங்க. உங்களைவிட வயசானவங்க எல்லாம் வராங்க."

அந்தப் பெரிய மனுஷன் தலையைச் சொறிந்துகொண்டு, சரி என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், போகும் வழியில் கோல் கம்பத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

குடைக்காரர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். டாக்டர் நேராக நின்றார். எதற்கும் தயாராகத்தான் இருந்தார்.

"முதல் பாதியில ஒரு ஃபவுலுக்கு லேட்டா ஊதினீங்க."

"ஆமா சார். ஒத்துக்கறேன்."

"அதுக்கப்புறம் விசில்ல ஏதோ கோளாறு போல."

"ஆமா சார்."

அவர் குடை நுனியால் புல்லைக் குத்தினார். "நான் இந்த லீக்குல தலை நரைச்சவன். டிப்போவை ஒருத்தரும் வாயடைச்சுப் பாத்ததில்ல. அந்தக் கண்டக்டர் பய என்னையே, ஒரு மேட்ச் பாக்க வந்தப்போ, குடைக்குள்ள நிக்கற தபால்பெட்டின்னு சொல்லியிருக்கான். நீங்க நடுவட்டத்துல என்ன சொன்னீங்க?"

"அவர் சொன்னதைத்தான் சார் திருப்பிச் சொன்னேன். வேற ஒண்ணும் இல்ல."

"திருப்பிச் சொன்னீங்க" என்றார் குடைக்காரர். அதை வாய்க்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்தார். "அடுத்த மாசத்துலேர்ந்து மேல் டிவிஷன். காலையில சீக்கிரம் வரணும்." திரும்பி நடந்தவர் நாலடி போய் நின்றார். தோள் குலுங்கியது. இருமலாகவும் இருக்கலாம்.

மைதானம் காலியானது. வீட்டுக்காரர் வலையைச் சுருட்ட உதவிக்கு வந்தார். டாக்டருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எத்தனை சீசனாகப் பந்துக்குப் பின்னால் ஓடுகிறார், ஒரு தடவைகூட அதை உதைத்ததில்லை என்று திடீரென்று நினைவு வந்தது.

"நில்லுங்க அங்க. ரெண்டு கம்பத்துக்கு நடுவுல. நான் ஒண்ணு அடிக்கறேன்."

"பிளாஸ்க்கை எங்க வைக்கறது?"

"கையிலேயே வெச்சுக்கங்க."

பின்னால் நகர்ந்து, ஓடிவந்து, கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைத்தார். பந்து மேல்கம்பத்தில் மோதிக் கோட்டுப் பக்கமாக விழுந்து, தையல்காரரின் காலைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடியது.

"கோல்" என்றார் டாக்டர்.

"இல்ல. கோடு தாண்டல."

"என்ன தாண்டல? நல்லா உள்ள விழுந்துச்சு. கண்ணு தெரியுதா இல்லையா உங்களுக்கு? நாள் பூரா ஊசிக்கு நூல் கோக்கறீங்க, இவ்வளவு பெரிய பந்து தெரியலையா?"

தையல்காரர் பிளாஸ்க்கைக் கீழே வைத்தார். முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, சட்டைப் பைக்குள் கையை விட்டு, மஞ்சள் நிற அளவு நாடாவை வெளியே எடுத்து, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். அது அவிழ்ந்து அவர் மூக்கு வரை தொங்கியது.

டாக்டர் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை.